செங்கத்தில் இறங்கியிருக்க வேண்டும்

தம்பி,

கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு கேட்டருகே நின்றபடியே பிரித்துப் படித்தேன். அப்பா பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உள்ளே போக முடியவில்லை. மறுநாள் உன் அத்தை போன் செய்தாள். தாலி எடுத்துக் கொடுப்பது முதல் எல்லாவற்றையும் தானும் மாமாவும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் மண்டபத்தில் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்துகொண்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது என்றாள். இது நீ சொன்னதா என்று கேட்டேன். "அவனும் அப்படித்தான் நினைக்கிறான் அண்ணி" என்றாள். 

பதினோரு மாதமாக நீ என்னோடு பேசவில்லை. பேசச் சொல்லி இதை எழுதவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிவேதா இங்கே வந்தாள். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பெங்களூரிலிருந்து தனியாக வந்திருக்கிறாள். தரிசனம் முடித்து, செங்கம் ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி நாலு பேரிடம் கேட்டு நம் தெருவைக் கண்டுபிடித்திருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் அஞ்சு நாள் கூர்க் போக அவள் ரூம் போட்டு வைத்ததையும், நீ அதை ரத்து செய்யச் சொன்னதையும் சொன்னாள். எங்க வீட்ல ஒருத்தர் ஊர் சுத்தப் போய்த்தான் செத்தாரு, இனிமே அந்தப் பேச்சே வேணாம் என்றாயாம். "அன்னிக்கு என்ன நடந்துச்சு ஆன்ட்டி? அவரைக் கேட்டா எழுந்து போயிடறாரு" என்று கேட்டாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போன பிறகுதான் உறைத்தது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. அப்படி ஒரு கல்யாணம் தொடங்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்த பிறகு என் மேல் உனக்கு இருக்கும் கோபம் ஜாஸ்தியாகலாம். ஆகட்டும்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உன் அப்பா முப்பது வருஷம் பெங்களூரு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஊர் ஊராகப் போகிறவர் என்று தெருவில் பேர். அவர் பார்த்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டும் டைம் கீப்பர் ரூமும்தான். குடும்பத்தோடு போய் வர வருஷத்துக்கு ஒரு பாஸ் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் பீரோவிலேயே இருந்து தேதி முடிந்து போகும். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை மைசூர் போக லீவு போட்டுவிட்டு வந்தார். உன்னைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு நாம் ரெண்டு பேரும் மூணு நாள் போய் வரலாம் என்றார். பையில் அவரே துணியெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். நான் அதையெல்லாம் எடுத்து மறுபடியும் பீரோவில் வைத்தேன். உன் பரீட்சையைக் காரணம் சொன்னேன். அது நிஜமில்லை தம்பி. மூணு நாள் அவரோடு தனியாக இருந்தால் என்ன பேசுவது என்று எனக்கு பயமாக இருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும் அந்த பயம். காலையில் அவர் டூட்டிக்குப் போவார், நான் சுகாதார நிலையத்துக்கு மருந்து கொடுக்கப் போவேன். ராத்திரி கேஸ், பால், உன் பீஸ் என்று ரெண்டு பேச்சு, அப்புறம் தூக்கம். அதைத் தாண்டி ஒரு பேச்சு எங்களிடம் இல்லை. அவர் லீவை ரத்து செய்துவிட்டு டூட்டிக்குப் போனார்.

அவர் ரிட்டயரான வருஷம் மாடி ரூமை லூயிசா வாடகைக்கு எடுத்தாள். இத்தாலிக்காரி, என் வயசு. வருஷத்தில் ஆறு மாதம் இங்கே இருப்பாள். காலையில் ஆசிரமத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள், மத்தியானம் ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டு சாக்ஸபோன் வாசித்துப் பழகுவாள். அப்பாவுக்கு அது தூங்குகிற நேரம். ஒரு நாள் சத்தம் போட மேலே போனவர் ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். சனிக்கிழமை நம்மையும் கூப்பிட்டிருக்கிறாள் என்றார். ரெண்டு தெரு தள்ளி ஒரு காபிக் கடையின் பின்பக்கத்தில், வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சனிக்கிழமை சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும் ஜாஸ் வாசிப்பார்கள். லூயிசாவோடு கீபோர்டு ஒருத்தர், புதுச்சேரியிலிருந்து வருகிற டிரம்ஸ்காரர் ஒருத்தர். முதல் நாள் இருபது நிமிஷம் ஆன பிறகு அப்பா என் பக்கம் குனிந்து, இன்னும் சுருதிதான் சேத்துட்டு இருக்காங்களா என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அடுத்த வாரமும் போனோம். நாலாவது வாரமோ அஞ்சாவது வாரமோ நடந்து திரும்பும்போது அவரே எனக்கு விளக்கினார். "மெயின் பாட்டு ஒண்ணு இருக்குது. எல்லாரும் சேந்து அதை ஒரு தடவை வாசிச்சுடறாங்க. அப்புறம் ஆளுக்கொரு ரூட்டுல கிளம்பிடறாங்க. டிரம்ஸ்காரன் மட்டும் டைமை விடறதில்ல. கடைசில எல்லாரும் ஒரே ஸ்டாப்புக்கு வந்து சேர்றாங்க பாரு." அன்றிலிருந்து எனக்கும் புரிய ஆரம்பித்தது. அடுத்து எங்கே திரும்பப் போகிறார்கள் என்று ரெண்டு பேரும் காத்துக்கொண்டிருப்போம். நினைத்த இடத்தில் திரும்பாமல் வேறு பக்கம் போனால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்படி நடந்து திரும்பிய ஒரு நாள்தான் கிருஷ்ணகிரி விஷயத்தைச் சொன்னார். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தபோது இவர் விசில் கொடுத்துவிட்டார். கடைசியாக ஒரு பெரியவர் படியில் கால் வைத்திருந்ததை இவர் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தது, அவர் விழுந்தார், பின்சக்கரம் ஏறிவிட்டது. விசாரணையில் அவர் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். "நான் ஒரு செகண்ட் முன்னாடி விசில் குடுத்துட்டேன், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் அப்படியே நின்றார். இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுரோட்டில் நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் காபிக் கடையைப் பற்றி நீங்களெல்லாம் என்ன நினைத்தீர்களோ தெரியாது. எங்களுக்கு அது பேசக் கற்றுக்கொண்ட இடம்.

அப்புறம் அந்த வீடியோ வந்தது. அப்பா எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு கைதட்டித் தலையை ஆட்டுகிறார், பக்கத்தில் ரெண்டு வெள்ளைக்காரப் பெண்கள் ஆடுகிறார்கள். யாரோ எடுத்தது நம் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு வந்துவிட்டது. நீ போன் செய்தாய். இந்த வயசில் இதெல்லாம் தேவையா, எல்லாரும் சிரிக்கிறார்கள், நாளைக்கு எனக்குப் பெண் பார்க்கப் போகும்போது என்ன பேசுவார்கள் என்றாய். அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "சரிப்பா, இனிமே போகல" என்றார். ஒன்பது சனிக்கிழமை போகவில்லை. லூயிசா சாக்ஸபோன் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டதும் எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். பத்தாவது சனிக்கிழமை நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து கிளம்புங்க என்றேன். அவனுக்குத் தெரிஞ்சா என்று கேட்டார். தெரிய வேணாம் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன அந்த வார்த்தையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

இதை உன் மேல் பழி போட எழுதவில்லை. பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள், நானும் என் அப்பாவைப் பேசியிருக்கிறேன். உன்னிடம் சண்டை போட்டிருக்கலாம், அல்லது உன்னை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்திருக்கலாம். ரெண்டும் செய்யாமல் மறைத்தேன். மறைப்பது சுலபமாக இருந்ததால், சனிக்கிழமையோடு நிற்காமல் வெளியூரும் போக ஆரம்பித்தோம். புதுச்சேரியில் ரெண்டு நாள் இருந்தபோது காஞ்சிபுரத்தில் கல்யாணம் என்று உன்னிடம் சொன்னேன். ஹம்பி போனபோது அப்பாவின் பழைய டிரைவருக்கு உடம்பு சரியில்லை, ஹொஸ்பேட்டையில் இருக்கிறார் என்று கதை கட்டினேன். தரங்கம்பாடியில் ஒரு நாள் முழுக்கக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம், கோட்டைக்குள் போகக்கூட இல்லை. அன்றைக்கு நீ போன் செய்தபோது, பக்கத்தில் என்ன சத்தம் என்று கேட்டாய். மிக்சி என்றேன். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன்னிடம் பொய் சொல்வது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிப்போயிருந்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

கொச்சிக்குப் போக ஏற்பாடு செய்தது நான்தான். அங்கே கடலோரத்தில் ஒரு பழைய வீட்டில் பெரிய ஆட்கள் வந்து ஜாஸ் வாசிக்கிறார்கள் என்று லூயிசா சொல்லியிருந்தாள். அவள் தோழி ஒருத்தி மூலமாக எங்களுக்கு ரெண்டு இடமும் சொல்லி வைத்தாள். மூணு வாரம் அதே பேச்சுதான். அந்த மூணு வாரத்தில்தான் உடம்பும் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். சாப்பிட்ட பிறகு நெஞ்சில் எரிகிறது என்றார். நான் வாயு மாத்திரை கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற எத்தனையோ பேருக்கு, இது வாயு இல்லை, முதலில் ஈசிஜி எடுத்துவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பினவள் நான். அவரை அனுப்பவில்லை. ஈசிஜி எடுத்தால் டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்வார், உனக்குத் தெரிந்துவிடும், கொச்சி போக முடியாது. எனக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கிளம்புகிற அன்று காலை ஆறு மணி சேலம் பஸ். அங்கே ரயில் ஏற வேண்டும். குளித்துவிட்டு வந்தவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, இடது கை கனமா இருக்குது என்றார். நான் ஒரு மாத்திரை கொடுத்துத் தண்ணீர் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது, வா என்று பையை எடுத்தார். பஸ்ஸில் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். கண்டக்டர் பையன் இவருக்குத் தெரிந்தவன், டிக்கெட் கொடுத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் நின்று பேசினான். செங்கம் வருவதற்கு ஒரு பத்து நிமிஷம் இருக்கும்போது பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டுக் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

செங்கம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. ஆட்டோ பிடித்தால் அஞ்சு நிமிஷத்தில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அதுவும் எனக்குத் தெரியும். இறங்கிடலாமா என்று கேட்டேன். கேட்டது உண்மைதான். ஆனால் எப்படிக் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம். இறங்கினா அவனுக்குச் சொல்லணும். அப்புறம் இதுவும் இல்லாமப் போயிடும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. தம்பி, இந்த வரியை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. என் புருஷனுக்கு மாரடைப்பு வந்துகொண்டிருந்தது, அது மாரடைப்பாக இருக்கும் என்று எனக்குள் ஒரு மூலையில் தெரிந்தும் இருந்தது, அவர் இறங்க வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பஸ் கிளம்பியது.

சேலத்தில் கொஞ்சம் தெளிவாக இருந்தார். ரெண்டு இட்லி சாப்பிட்டார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோயம்புத்தூர் தாண்டின பிறகு, நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிப்பாங்க என்று கேட்டார். ஆறரைக்கு என்றேன். தலையாட்டிவிட்டு ஜன்னல் கம்பியில் சாய்ந்துகொண்டார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன். மலை கிட்ட வந்ததும், இங்கே பாருங்க என்று தோளைத் தொட்டேன். தலை அப்படியே சரிந்தது. எதிர் சீட்டில் இருந்தவர்கள் கீழே படுக்க வைத்து நெஞ்சை அமுக்கினார்கள். நானும் அமுக்கினேன். பாலக்காட்டில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் டாக்டர், எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். ரயிலில்தான், அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்றேன். அது பொய். அப்போதே அவர் இல்லை, யாரைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், என்னைத்தான். அதே பொய்யை உனக்கு போனில் சொன்னேன். அத்தைக்கும் சொன்னேன். ஆம்புலன்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்புகிற வழியெல்லாம், யார் கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகை வரவில்லை.

நாங்கள் அடிக்கடி வெளியூர் போய் வந்ததை லூயிசா சொல்லிக் கேட்டுவிட்டு, வீட்டில் எல்லார் முன்னாலும், "ஊர் சுத்தி ஊர் சுத்தியே எங்கப்பாவைக் கொன்னுட்ட" என்றாய். நான் பதில் சொல்லாததைப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பாய். நீ சொன்னது தப்பு என்பதால் நான் கொஞ்சம் ஆறுதலடைந்தேன் என்பதுதான் உண்மை. உனக்கு நிஜம் தெரியவில்லை, தப்பான காரணத்துக்காக என்னை வெறுக்கிறாய், அந்த வெறுப்புக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம். பதினோரு மாதம் ஒளிந்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். அவரை ஊர் சுற்றியது கொல்லவில்லை. மூணு வாரம் முன்னால் ஒரு ஈசிஜி எடுத்திருந்தால், செங்கத்தில் நான் கையைப் பிடித்து இறக்கியிருந்தால், அவர் இருந்திருக்கலாம். இருந்திருப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இருந்திருக்கலாம், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் நான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

லூயிசா ஊருக்குப் போய்விட்டாள், இந்த வருஷம் வரவில்லை. மாடி பூட்டிக் கிடக்கிறது. போன மாசம் நிவேதா வந்துவிட்டுப் போன பிறகு, ஒரு சனிக்கிழமை தனியாகக் கிளம்பி அந்தக் காபிக் கடைக்குப் போனேன். வேறு ஆட்கள் வாசித்தார்கள். நன்றாகத்தான் வாசித்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, வெறும் சத்தமாக இருந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். மனசு ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு ஆறவில்லை. ஆறுவது போலவும் தெரியவில்லை.

நீ நிவேதாவைக் கூட்டிக்கொண்டு கூர்க் போ. அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போ. உங்கள் ஊரில் எங்கேயாவது ஜாஸ் வாசித்தால் ஒரு சாயங்காலம் ரெண்டு பேரும் போய் உட்காருங்கள், முதல் நாள் புரியாது, ரெண்டாவது நாளும் போங்கள். குழந்தை பிறக்கட்டும், அது படிக்கட்டும், நீ ரிட்டயராகட்டும் என்று தள்ளிப்போடாதே. நாங்கள் இருபத்தொன்பது வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் கிடைத்த மூணு வருஷத்தை விட மனசில்லாமல் அவர் உயிரை விட்டோம். முன்னமே போய் வந்திருந்தால், அன்றைக்கு ஒரு கொச்சி போனால் போகட்டும் என்று எனக்கு இறங்கத் தோன்றியிருக்கும். வழியில் உனக்கோ அவளுக்கோ முடியவில்லை என்றால், எந்த ஊரானாலும் இறங்கிவிடு. இறங்கலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. யாருக்குச் சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்லிவிடு. உனக்கு நாளைக்குப் பிறக்கும் பிள்ளை உன்னைத் திட்டினாலும், அதனிடமும் மறைக்காதே.

அடுத்த மாதம் அப்பாவுக்கு வருஷம் திரும்புகிறது. ஐயரிடம் சொல்லிவிட்டேன். நீ வந்தால் நீ செய், வராவிட்டால் உன் பெரியப்பா மகனை வைத்துச் செய்துகொள்கிறேன். அதற்கு அடுத்த மாதம் உன் கல்யாணம். அத்தை தாலி எடுத்துக் கொடுக்கட்டும், விளக்கும் அவளே ஏற்றட்டும், அதிலெல்லாம் எனக்கு மனக்கசப்பு இல்லை. ஆனால் நான் பின்னால் உட்கார மாட்டேன். புருஷன் இல்லாதவள் என்பதற்காகப் பின்னால் போகச் சொன்னால் போக மாட்டேன். முன் வரிசையில், உனக்கு நேர் எதிரே வந்து உட்காருவேன். செங்கத்தில் நான் செய்ததற்காகத்தான் என்னை எழுப்ப வேண்டும் என்று இதைப் படித்த பிறகு உனக்குத் தோன்றினால், அது வேறு. யாரையும் அனுப்பாதே. மணவறையிலிருந்து நீயே இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். எழுந்து போய்விடுகிறேன்.

அம்மா